டிடிஆர் மெமரிக்கு ஒரே க்ளொக் ஏன் போதாது?

தலவாக்கலையிலிருந்து பொறியியல் படிக்கப் போயிருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "டிடிஆர் மெமரி சிப்புக்கு வெளியிலிருந்து க்ளொக் வருகிறது. அப்படியிருக்க சிப்புக்குள்ளே டிஎல்எல் என்று ஒன்று எதற்கு? அது போதாதென்று டேட்டாவோடு டிகியூஎஸ் என்று தனிக்கம்பி வேறு. எல்லாரும் ஒரே க்ளொக்கைப் பார்த்து வேலை செய்தால் என்ன? பாடக் குறிப்பில் 'ஒத்திசைவுக்காக' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்."

டிடிஆர் என்பது கொம்பியூட்டரில் இருக்கும் மெமரி வகை. க்ளொக் என்பது எல்லாச் சுற்றுகளையும் தாளத்தோடு நடத்தும், சீராகத் துடிக்கும் மின் குறிப்பு. எல்லாரும் ஒரே க்ளொக்கைப் பார்க்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. இந்தச் சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், காலையில் சங்கு ஊதுகிறது. ஸ்டோருக்குப் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருப்பவருக்கு உடனே கேட்கும். ஒரு கிலோமீற்றர் தள்ளி மேல்மலையில் நிற்பவருக்கு ஏறக்குறைய மூன்று செக்கன் கழித்துத்தான் கேட்கும், ஏனென்றால் ஒலி செக்கனுக்கு 340 மீற்றர்தான் ஓடும். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போவதற்கு மூன்று செக்கன் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சங்கு செக்கனுக்கு ஒரு தரம் ஊதி, ஒவ்வோர் ஊதலுக்கும் ஒரு கொழுந்து கிள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பவர் பத்தாவது கொழுந்தைக் கிள்ளும்போது மேலே இருப்பவர் ஏழாவதில்தான் இருப்பார். இருவரும் ஒரே சங்கைத்தான் கேட்கிறார்கள். சங்கிலும் பிழையில்லை, கேட்பவரிலும் பிழையில்லை.

மெமரியிலும் இதே கணக்குத்தான், அளவு மட்டும் சிறியது. மதர்போட்டின் செப்புக் கோட்டில் மின் குறிப்பு நனோசெக்கனுக்கு (செக்கனை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு) சுமார் 15 சென்டிமீற்றர் போகும். 100 மெகாஹேர்ட்ஸில் ஓடிய எஸ்டிரேமில், அதாவது டிடிஆருக்கு முந்தைய மெமரியில், ஒரு க்ளொக் காலம் 10 நனோசெக்கன். அதற்குள் குறிப்பு ஒன்றரை மீற்றர் ஓடிவிடும் என்பதால் போர்டின் நீளம் பெரிய விஷயமாக இருக்கவில்லை. அதற்குப் பின் வந்த டிடிஆர் 4, 3200 வேகத்தில் க்ளொக் 1600 மெகாஹேர்ட்ஸ், ஒரு காலம் 625 பிக்கோசெக்கன் (ஆயிரம் பிக்கோசெக்கன் ஒரு நனோசெக்கன்). க்ளொக் ஏறும்போது ஒரு பிட், இறங்கும்போது ஒரு பிட் என்று போவதால் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 312.5 பிக்கோசெக்கன்தான். அந்த நேரத்தில் குறிப்பு ஓடும் தூரம் நாலரை சென்டிமீற்றரை ஒட்டி வரும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கம்பியில் ஓடும் ஒரு பிட்டும் ஏறத்தாழ அவ்வளவு நீளம்தான்.

கம்பியின் நீளம் பாதிக் கதைதான். மீதி சிப்புக்குள் நடக்கிறது. அதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம், அதனால் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தேயிலை ஸ்டோருக்காக, கொழுந்து வாட்டும் இடத்தின் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் பதிவு செய்யும் ஒரு கருவி செய்தேன். உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய ஓர் எஃப்பிஜிஏ சிப், பக்கத்தில் 16 பிட் எஸ்டிரேம் ஒன்று, இரண்டுக்கும் 100 மெகாஹேர்ட்ஸ். வீட்டு மேசையில் இரண்டு வாரம் பிழையில்லாமல் ஓடியது. ஸ்டோருக்குக் கொண்டுபோய், தேயிலையைச் சூட்டில் காயவைக்கும் ட்ரையருக்குப் பின்பக்கச் சுவரில் பொருத்தினோம். காலையில் சரியாக இருந்தது. பத்து மணிக்கு மேல் பதிவுகளில் சம்பந்தமில்லாத எண்கள் வர ஆரம்பித்தன. மடிகணினியை இணைத்து மெமரி முழுவதையும் ஒன்று, பூச்சியம், ஒன்று, பூச்சியம் என்று மாற்றி மாற்றி எழுதித் திரும்பப் படித்துப் பார்த்தேன். 16 பிட்டில் 15 சரி. ஒரே ஒரு பிட்டில் மட்டும் அதற்கு முந்தைய சொல்லின் மதிப்பு வந்துகொண்டிருந்தது. போர்டின் படத்தைத் திறந்து பார்த்தால், மற்றக் கோடுகளைவிடச் சுற்றிக்கொண்டு போன கோடு அந்தப் பிட்டுக்கு உரியதுதான்.

கணக்கைப் பிறகு உட்கார்ந்து போட்டேன். எஃப்பிஜிஏயிலிருந்து க்ளொக் வெளியே வந்து எஸ்டிரேமைச் சேர ஏறக்குறைய 3 நனோசெக்கன். க்ளொக்கைக் கண்டபின் டேட்டாவை வெளியே வைக்க எஸ்டிரேமுக்கு அதிகபட்சம் 5.4 நனோசெக்கன். அது திரும்பி வந்து எஃப்பிஜிஏக்குள் நுழைய இன்னொரு நனோசெக்கன். மொத்தம் 9.4. கையில் இருப்பது 10. மிச்சம் 0.6 நனோசெக்கன்தான், அதிலும் பெற்றுக்கொள்ளும் ஃப்ளிப்-ஃப்ளொப்புக்கு (ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் சுற்றுக்கு) டேட்டா கொஞ்சம் முன்னதாகவே வந்து நிலையாக நிற்க வேண்டும். சிலிக்கன் சூடேறினால் அந்தத் தலைமுறைச் சிப்புகளில் தாமதம் கூடும். ட்ரையரின் சூடு அந்த மிச்சத்தைத் தின்றுவிட்டது. எஸ்டிரேமுக்குப் போகும் க்ளொக்கின் அவத்தையை, அதாவது துடிப்பு விழும் நேரத்தை, எஃப்பிஜிஏக்குள் க்ளொக்கை உண்டாக்கும் பிஎல்எல் என்ற சுற்றின் மூலம் 3 நனோசெக்கன் முன்னால் தள்ளினேன். அதன்பிறகு பிழை வரவில்லை.

இந்தக் கதையிலிருந்து உங்கள் கேள்விக்கு வேண்டியது ஒன்றுதான். க்ளொக் சிப்பின் காலில் வந்து சேர்வதும் சிப்பின் மறுகாலில் டேட்டா வெளிவருவதும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. உள்வாங்கும் சுற்று, க்ளொக்கைச் சிப் முழுக்கப் பரப்பும் மரம் போன்ற கிளையமைப்பு, வெளியே தள்ளும் சுற்று என்று எல்லாம் சேர்ந்து சில நனோசெக்கன் ஆகிவிடும். அந்தத் தாமதம் நிலையாகவும் இருக்காது. சூட்டுக்கு ஒரு மாதிரி, வோல்ற்றளவுக்கு ஒரு மாதிரி, ஒரே வார்ப்பில் வந்த இரண்டு சிப்புகளுக்கு இரண்டு மாதிரி. 10 நனோசெக்கன் இருந்தபோது இதைச் சமாளிக்கலாம். டிடிஆர் 400 இல் ஒரு பிட்டுக்கு 2.5 நனோசெக்கன். டேட்டா எப்போது வரும் என்பதிலேயே அவ்வளவு நிச்சயமின்மை இருந்தால் பெற்றுக்கொள்பவர் எதைப் பிடிப்பார்?

இந்த இடத்தில்தான் டிஎல்எல் வருகிறது. தாமதப் பூட்டுத் தடம் என்று தமிழில் சொல்லலாம். அதன் வேலை தாமதத்தைக் குறைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தாமதத்தைக் கூட்டுகிறது.

மேல்மலைக்குத் திரும்பப் போவோம். அங்கே ஒருவர் தப்பு மேளத்தோடு நிற்கிறார். சங்கு ஊதும் அதே கணத்தில் அவருடைய தப்பும் ஒலிக்க வேண்டும். சங்கைக் கேட்டு, குச்சியை ஓங்கி, அடி விழ அவருக்கு மூன்று செக்கன் ஆகிறது. எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும் கேட்பதற்கு முன்னால் அடிக்க முடியாது. ஆனால் சங்கு பத்துச் செக்கனுக்கு ஒரு தரம் தவறாமல் ஊதினால்? ஒரு சங்கைக் கேட்டதும் ஏழு செக்கன் சும்மா நிற்கட்டும், பிறகு குச்சியை ஓங்கட்டும். அடி சரியாக அடுத்த சங்கோடு சேர்ந்து விழும். ஏழும் மூன்றும் பத்து. அந்த ஏழு செக்கன் காத்திருப்புத்தான் டிஎல்எல் கூட்டும் தாமதம். உள்ளே இருக்கும் தாமதத்தை அழிக்க முடியாது, அதனால் மொத்தத்தை ஒரு முழுக் க்ளொக் காலமாக, தேவையானால் இரண்டு மூன்று முழுக் காலங்களாக, நிரப்பிவிடுகிறோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தாமதமே இல்லாதது போலத் தெரியும்.

பனி விழும் விடியலில் கை விறைத்து அவருக்கு நாலு செக்கன் ஆகிறது என்றால் ஆறு செக்கன்தான் காத்திருக்க வேண்டும். அதை எப்படி அறிவார்? தன் அடியும் சங்கும் சேர்ந்து விழுந்ததா என்று ஒவ்வொரு முறையும் காது கொடுத்துக் கேட்டு, பிந்தினால் காத்திருப்பைக் கொஞ்சம் குறைக்கிறார், முந்தினால் கொஞ்சம் கூட்டுகிறார். சிப்புக்குள் இந்தக் காதுதான் அவத்தையை ஒப்பிடும் சுற்று. அது முந்தல், பிந்தல் என்று இரண்டே பதில் சொல்லும். காத்திருப்பு என்பது வரிசையாகக் கோத்த சிறு தாமதப் படிகள், அவற்றில் எத்தனை படி வழியாகக் க்ளொக் போக வேண்டும் என்பதை ஒரு கணக்கி தீர்மானிக்கிறது. தாமதம் இரண்டு வகையில் திருத்தப்படும்: முதலில் பெரிய படி, பிறகு நுண்ணிய படி.

பாடக் குறிப்புகள் விட்டுவிடும் ஒரு நுணுக்கம் இங்கே உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். மெமரி எப்போதும் டேட்டாவை வெளியே அனுப்பிக்கொண்டிருப்பதில்லை, கேட்டால்தான் அனுப்பும். அடி விழாத நேரத்தில் எதைக் கேட்டுத் திருத்துவது? அதனால் வெளித்தள்ளும் சுற்றின் தாமதத்தையும் உள்வாங்கும் சுற்றின் தாமதத்தையும் அப்படியே நகல் எடுத்து ஒரு போலிப் பாதையைச் சிப்புக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். க்ளொக் அந்தப் பாதையில் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். டிஎல்எல் கேட்பது அந்தப் போலியின் ஓசையை. அசலும் போலியும் ஒரே சிலிக்கனில் பக்கத்தில் இருப்பதால் சூடும் வோல்ற்றளவும் இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்கும். நகல் அசலோடு எவ்வளவு ஒத்திருக்கிறதோ, ஒத்திசைவு அவ்வளவுதான்.

இப்படி ஒவ்வொரு படியாகத் திருத்திப் பூட்டுப்போட நேரம் வேண்டும். டிடிஆர் முதல் தலைமுறையில் டிஎல்எல்லை மீட்டமைத்தபின் 200 க்ளொக் காலம் காத்திருந்துதான் படிக்க வேண்டும், டிடிஆர் 3 இல் 512. க்ளொக்கின் மீடிறனை, அதாவது செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்பதை, நடுவில் மாற்றினால் பழைய பூட்டு செல்லாது, மீண்டும் காத்திருக்க வேண்டும். தாமதப் படிகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருப்பதால் க்ளொக் மிக மெதுவாக ஓடினாலும் டிஎல்எல்லுக்குப் பூட்ட முடியாது. டிடிஆர் 3 இல் டிஎல்எல் வேலை செய்ய வேண்டுமானால் க்ளொக் காலம் 3.3 நனோசெக்கனுக்கு மேல் நீளக்கூடாது. மெதுவாக ஓட்ட வேண்டுமென்றால் டிஎல்எல்லை நிறுத்திவிட்டு 125 மெகாஹேர்ட்ஸுக்குள் ஓட்டலாம், அப்போது டேட்டா எப்போது வரும் என்ற பொறுப்பு உங்களுடையது. பிராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் "மெதுவாக ஓட்டினால் பாதுகாப்புத்தானே" என்று நினைத்து இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிஎல்எல் ஏன் வைக்கவில்லை என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். பிஎல்எல்லுக்குள் தனக்கென்று ஓர் அலையம், அதாவது தானே துடிப்பை உண்டாக்கும் சுற்று, உண்டு. அதில் இந்தக் காலத்தில் விழுந்த சிறு தடுமாற்றம் அடுத்த காலத்திலும் தொடரும், சேர்ந்துகொண்டே போகும். டிஎல்எல்லில் அலையம் இல்லை, வந்த விளிம்பைத் தாமதித்து அனுப்புவதோடு சரி, பழைய தடுமாற்றம் சேராது. அதே காரணத்தால் வெளிக் க்ளொக்கில் வரும் அழுக்கை அதனால் வடிகட்டவும் முடியாது. மீடிறனைப் பெருக்க வேண்டும் என்றால் பிஎல்எல்தான் வேண்டும். மெமரி சிப்புக்குப் பெருக்கல் தேவையில்லை, ஒட்டிப் போவதுதான் தேவை.

சரி, டிஎல்எல் வந்தாயிற்று. அப்புறம் டிகியூஎஸ் எதற்கு?

டிஎல்எல் சரிசெய்தது சிப்பின் கால்வரைக்கும். அங்கிருந்து கட்டுப்படுத்திக்கு, அதாவது மெமரியில் எழுதவும் படிக்கவும் செய்யும் சுற்றுக்கு, வரும் வழியில் கம்பியின் தாமதம் இருக்கிறதே. ஸ்டோரில் இருப்பவர் தன் சங்கைப் பார்த்து "இந்நேரம் கொழுந்து வந்திருக்கும்" என்று ஊகித்துக் கூடையை நீட்டினால் சில நேரம் காற்றைத்தான் பிடிப்பார். கொழுந்துச் சாக்குகளோடு, வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் கூடவே நடந்து வந்து, "இதோ இந்தச் சாக்கு, இப்போது பிடி" என்று சொன்னால் பிரச்சினை தீர்ந்தது. வழி நீளமோ குறைவோ, சாக்குக்கு ஆகும் தாமதமே கங்காணிக்கும் ஆகும். டிகியூஎஸ் அந்தக் கங்காணி. டேட்டா புறப்படும் இடத்திலிருந்தே கூடப் புறப்படும் துடிப்பு அது, சாதாரணமாக எட்டு டேட்டாக் கம்பிக்கு ஒரு டிகியூஎஸ் சோடி. படிக்கும்போது மெமரி அனுப்பும், எழுதும்போது கட்டுப்படுத்தி அனுப்பும்.

படிக்கும்போது டிகியூஎஸ் விளிம்பும் டேட்டாவின் விளிம்பும் ஒன்றாகப் புறப்படும். டேட்டா மாறிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்திலேயே பிடித்தால் குப்பைதான் கிடைக்கும். அதனால் கட்டுப்படுத்தி தன் பக்கத்தில் டிகியூஎஸ்ஸைக் க்ளொக் காலத்தில் கால் பங்கு பிந்தவைத்து, டேட்டா நிலையாக நிற்கும் நடுப்பகுதியில் பிடிக்கிறது. எழுதும்போது அந்தக் கால் பங்கைக் கட்டுப்படுத்தியே சேர்த்து, விளிம்பு டேட்டாவின் நடுவில் விழும்படி அனுப்பிவிடும். சிரமமான வேலை எல்லாம் கட்டுப்படுத்தியின் தலையில், மெமரி சிப் எளிமையாக இருக்கட்டும் என்பது ஏற்பாடு. கோடிக்கணக்கில் மலிவாகச் செய்ய வேண்டியது மெமரி சிப்தான் என்பதால் அது நியாயமான பங்கீடு என்றே நினைக்கிறேன்.

ஒரு டிகியூஎஸ்ஸும் அதன் எட்டுக் கம்பியும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். மதர்போட்டில் மெமரிச் செருகியை ஒட்டிய கோடுகளை டோர்ச் அடித்துப் பாருங்கள், றம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் பாதை மாதிரி வளைந்து வளைந்து போகும். பாதை வளைவது ஏற்றத்துக்காக. இந்தக் கோடுகள் வளைவது குட்டையான கோடு நீளமான கோட்டுக்காக வழியில் நின்று வருவதற்காக. என் போர்டில் நான் செய்யாமல் விட்டதும் அதைத்தான்.

டிடிஆர் 3 வந்தபோது இன்னொரு சிக்கல் சேர்ந்தது. க்ளொக்கும் கட்டளைக் கம்பிகளும் மெமரி அட்டையின் சிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, பஸ் ஒவ்வொரு ஹோல்ட்டாக நின்று போவது போல, வரிசையாகப் போகும்படி மாற்றினார்கள். குறிப்பின் தரம் அதில் நன்றாக இருக்கும். ஆனால் முதல் சிப்புக்கும் கடைசிச் சிப்புக்கும் க்ளொக் வந்துசேரும் நேரம் வேறுபடும். அட்டையின் நீளம் 13 சென்டிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். 3200 வேகத்தில் அந்த வித்தியாசம் ஒரு முழுக் க்ளொக் காலத்தை எட்டிவிடும். டிகியூஎஸ்ஸோ ஒவ்வொரு சிப்புக்கும் நேராகப் போகிறது. கங்காணி வந்துவிட்டார், சங்கு இன்னும் கேட்கவில்லை.

இதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. எழுத்துச் சமன்செய்தல் என்று வைத்துக்கொள்வோம். கொம்பியூட்டரை ஒன் செய்ததும், திரையில் எதுவும் வருவதற்கு முன்னால், கட்டுப்படுத்தி ஒரு சிப்புக்கு டிகியூஎஸ் துடிப்பு ஒன்றை அனுப்பும். அந்த விளிம்பு வந்த கணத்தில் உன் க்ளொக் உயரத்தில் இருந்ததா தாழ்வில் இருந்ததா என்று சிப்பைக் கேட்கும். சிப் டேட்டாக் கம்பியில் 0 அல்லது 1 என்று பதில் சொல்லும். 0 என்றால் க்ளொக் இன்னும் ஏறவில்லை, டிகியூஎஸ்ஸை ஒரு நூலளவு பிந்தவிட்டு மறுபடி கேட்கும். 0, 0, 0, 0 என்று வந்துகொண்டிருந்து ஓரிடத்தில் 1 ஆகும். அந்த இடத்தில்தான் க்ளொக்கின் ஏறும் விளிம்பு இருக்கிறது. அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த சிப்புக்குப் போகும். ஒவ்வொரு சிப்புக்கும் தனி எண். மெமரி அட்டையை மாற்றியபின் முதல் தரம் கொம்பியூட்டர் எழும்ப வழக்கத்தைவிட நேரம் எடுப்பதற்கு இந்த மாதிரிப் பயிற்சிகள்தான் பெரும்பாலும் காரணம். பழுதாகிவிட்டதென்று பயந்து பாதியில் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

டிகியூஎஸ்ஸின் நேரத்தில் பிடித்த டேட்டாவைக் கட்டுப்படுத்தியின் சொந்தக் க்ளொக்குக்கு மாற்றும் இடத்திலும் கவனம் வேண்டும். ஒரு சிறு வரிசைச் சேமிப்பில் டிகியூஎஸ் எழுதும், உள் க்ளொக் ஆறுதலாகப் படிக்கும். இரண்டுக்கும் நடுவே நேரடியாக ஃப்ளிப்-ஃப்ளொப்பை வைத்தால் அது 0 ஆகவும் இல்லாமல் 1 ஆகவும் இல்லாமல் சிறிது நேரம் தொங்கிக்கொண்டு நிற்கக்கூடும். இது தனியாக எழுத வேண்டிய பெரிய விஷயம் என்பதால் இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன்.

டிஎல்எல் தவிர்க்க முடியாதது என்றும் நினைத்துவிடாதீர்கள். கைபேசியில் இருக்கும் எல்பிடிடிஆர் மெமரியில் அது இல்லை. ஓயாமல் ஓடும் சுற்று மின்கலத்தைத் தின்னும் என்பதால் எடுத்துவிட்டார்கள். அங்கே தப்புக்காரரைக் காத்திருக்கச் சொல்வதில்லை, அவர் அடிக்கும் நேரத்தில் அடிப்பார், எப்போது அடித்தார் என்பதைக் கட்டுப்படுத்தி அடிக்கடி பயிற்சி செய்து தெரிந்துகொள்ள வேண்டும். டிஎல்எல்லை வைப்பதா விடுவதா என்பது, தாமதத்தை யார் கணக்கெடுப்பது என்ற கேள்விக்கான பதில்தான்.

இதைக் கண்ணால் பார்க்க விலை கூடிய கருவி வேண்டாம். எஸ்டிரேம் பொருத்திய சிறிய எஃப்பிஜிஏ போர்ட் ஒன்று உங்கள் பீடத்து ஆய்வுகூடத்தில் கட்டாயம் இருக்கும். மெமரிக்குப் போகும் க்ளொக்கின் அவத்தையைப் பிஎல்எல்லில் கால் நனோசெக்கன் படிகளாக நகர்த்துங்கள். ஒவ்வொரு படியிலும் மெமரி முழுவதையும் எழுதிப் படித்து, பிழை வந்ததா இல்லையா என்று ஒரு தாளில் குறியுங்கள். பிழை, பிழை, சரி, சரி, சரி, பிழை என்று ஒரு வரிசை கிடைக்கும். 'சரி' வந்த பகுதியின் நடுப்புள்ளிதான் நீங்கள் வைக்க வேண்டிய இடம். பிறகு ஹெயார் ட்ரையரைத் தள்ளிப் பிடித்து சிப்பை இலேசாகச் சூடாக்கிவிட்டு அதே வரிசையை மறுபடி எடுங்கள். ஜனவரி லீவுக்கு வரும்போது போர்டையும் கொண்டுவர முடிந்தால், விடியற்காலை ஐந்து மணிக்குத் தலவாக்கலைக் குளிரில் இன்னொரு தரம் எடுங்கள். மூன்று தாளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அந்த 'சரி' கூட்டம் இடம்பெயர்ந்திருப்பது தெரியும். எத்தனை படி நகர்ந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.